வரிக் கந்தோர் அக்காவும் மாமாவின் இரும்புக் கடையும்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்களில் அநேகரிடம் அக்கா ஒரு தடவையேனும் விலை விசாரித்திருப்பார். வாங்குவதற்காக அல்ல. உங்கள் சேலையாக இருக்கட்டும், புதிதாகப் போட்ட வீட்டுக் கதவாக இருக்கட்டும், மகளின் கல்யாணத்துக்குப் பிடித்த மண்டபமாக இருக்கட்டும், அது அந்த விலைக்கு எப்படி வந்து சேர்ந்தது என்று அறியாமல் அவரால் இருக்க முடியாது. அப்படிப்பட்ட ஒருவர் வரி அறவிடும் உத்தியோகத்துக்குப் போனார். அதனால் எங்கள் குடும்பத்தில் நடந்ததை அவருடைய ஒரே தங்கையாகிய நான் இங்கே எழுதுகிறேன். அவருடைய பட்டங்களையும் பதவிகளையும் மற்றவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

அக்கா பிறந்தது கொட்டாஞ்சேனையில். அப்பா துறைமுகத்தில் கப்பல் சரக்குகளைச் சரிபார்க்கும் கிளாக்கராக இருந்தார். பம்பாய் வெங்காயம் கப்பலில் என்ன விலைக்கு வந்தது என்று அப்பா வீட்டில் ஒருநாள் சொல்லிவிட்டாராம். சந்தியில் இருந்த கடைக்கு அம்மாவோடு போய்வந்த அக்கா, இரண்டு விலைக்கும் நடுவில் இருந்த காசு எங்கே போனது என்று கேட்டிருக்கிறார். லொறிக்கூலி, மூட்டை தூக்கும் கூலி, புறக்கோட்டை முதலாளியின் இலாபம் என்று அப்பா ஒவ்வொன்றாகச் சொல்லி, கடைசியில் சுங்கவரி என்றாராம். அதை யார் எடுப்பது என்று கேட்டதற்கு அரசாங்கம் என்றார். அரசாங்கம் அதை என்ன செய்யும் என்று கேட்டபோது, தேத்தண்ணி ஆறுகிறது என்று பேச்சை மாற்றிவிட்டாராம். இதை அம்மா சாகும்வரை சொல்லிச் சிரிப்பார்.

அக்கா சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த காலத்தில் அப்பா மாரடைப்பால் போய்விட்டார். அம்மாவின் தம்பியான மாமா தன் கடை லொறியைக் கொண்டுவந்து, எங்கள் மூவரையும் சாமான்களையும் ஏற்றி வெள்ளவத்தைக்குக் கூட்டிப்போனார். காலி வீதியில் அவருக்கு ஒரு கடை இருந்தது. சீமெந்து, கம்பி, குழாய், பெயின்ற் எல்லாம் விற்றாலும் அவர் அதை இரும்புக் கடை என்றுதான் சொல்லுவார். கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் எங்களுக்கு ஒரு சிறு வீடு பிடித்துத் தந்தார். அதன்பிறகு எங்கள் பாடசாலைச் செலவும் ரியூசன் செலவும் அந்தக் கடையின் மேசை இலாச்சியிலிருந்துதான் வந்தன.

எண்பத்து மூன்றாம் ஆண்டு தமிழருக்கு எதிரான இனக்கலவரத்தில் அந்தக் கடையை எரித்தார்கள். பெயின்ற் ரின்கள் வெடித்த சத்தம் எங்கள் ஒழுங்கைவரை கேட்டது. பக்கத்து வீட்டார் எங்களை உள்ளே எடுத்துக் கதவைப் பூட்டியதால் நாங்கள் தப்பினோம். சில மாதங்களுக்குப் பிறகு மாமா அதே இடத்தில் தகரம் அடித்து மீண்டும் வியாபாரத்தைத் தொடங்கினார். அக்கா அப்போது கணக்கியல் படித்துக்கொண்டிருந்தார். படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போவதாக அவர் சொன்னபோது மாமா பதில் சொன்ன விதம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"கடை தான் எரிஞ்சது பிள்ளை. படிப்பு எரியேல்லை. நீ படி."

அக்கா படித்தார். பரீட்சை எழுதி வரித் திணைக்களத்தில் நியமனம் பெற்றார். நியமனக் கடிதம் வந்த அன்று ஒழுங்கை முழுவதற்கும் லட்டு கொடுத்தவர் மாமா. எங்களுடைய ஆள் ஒருவர் அங்கே இருப்பது நல்லது என்று அவர் எல்லோரிடமும் சொன்னார். அதில் அவர் என்ன எதிர்பார்த்தார் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. அக்காவும் யோசித்திருக்க மாட்டார்.

அக்காவுக்குக் கிடைத்தது நிலுவை அறவிடும் பிரிவு. கட்ட வேண்டிய வரியைக் கட்டாமல் விட்டவர்களின் கோவைகள் அங்கே வரும். ஏன் கட்டவில்லை, எப்படி அறவிடுவது என்று பார்ப்பது வேலை. அந்த வேலையில் சேர்ந்த பிறகு, சிறு வயது முதல் எல்லோரும் ரசித்த அவருடைய குணம் ஆட்களைப் பயப்படுத்தத் தொடங்கியது. கல்யாண வீடுகளில் அவர் வந்து உட்கார்ந்தால் வியாபாரம் செய்யும் உறவினர்கள் மெதுவாகக் கிரிக்கெட் பற்றிக் கதைக்கத் தொடங்குவார்கள். கூல் பார் வைத்திருந்த ஒரு உறவினரிடம், ஒரு போத்தல் மாம்பழச் சாற்றுக்கு எத்தனை பழம் வேண்டும், பழம் இல்லாத மாதத்தில் என்ன செய்வீர்கள் என்று அக்கா ஒரு பிறந்தநாள் வைபவத்தில் கேட்டிருக்கிறார். அடுத்த வாரமே அவர் தன் கணக்காளரை அனுப்பி, விடுபட்டிருந்த கணக்குகளை எல்லாம் திணைக்களத்தில் ஒப்படைத்தாராம். அக்காவுக்கு இது தெரிந்தபோது சிரிப்பும் கவலையும் சேர்ந்து வந்தன. அவர் மாம்பழத்தைப் பற்றி மட்டுமே அறிய விரும்பினார்.

அக்காவின் கணவரான அத்தான் கொள்ளுப்பிட்டியில் ஒரு கப்பல் முகவர் நிறுவனத்தில் வேலை செய்தார். கந்தோர் அலுவல் ஒன்றையும் அக்கா அவரிடம்கூடச் சொன்னதில்லை. ஆகவே அக்கா எப்படி வேலை செய்தார் என்பதை நான் அறிந்தது அக்காவின் செத்தவீட்டில்தான். மாளிகாவத்தையில் பேக்கரி வைத்திருக்கும் வயதான முஸ்லிம் ஐயா ஒருவர் வந்து எனக்குப் பக்கத்தில் அமர்ந்தார். ஒரு காலத்தில் அவருக்குப் பெரிய நிலுவை இருந்ததாம். அக்கா விடிய முன்னமே பேக்கரிக்கு வந்து, போறணை அடுப்பு எரிவதையும் சுட்ட பாண் கடைகளுக்குப் போவதையும் பார்த்துக்கொண்டு, மாவு யார் கடனுக்குத் தருகிறார்கள், கடைகள் எப்போது காசு தரும் என்று கேட்டுக்கொண்டே இருந்தாராம். முதலில் தனக்குக் கோபம் வந்தது என்றும், பிறகு தன் வியாபாரம் எங்கே ஓட்டையாகிறது என்பது அந்தக் கேள்விகளில்தான் தனக்கே விளங்கியது என்றும் சொன்னார். பேக்கரியைப் பூட்டினால் அரசாங்கத்துக்கு ஒரு சதமும் வராது, தவணை கொடுத்தால் வரும் என்று அக்கா எழுதியிருக்கிறார். அவர் கட்டி முடித்துவிட்டார். செத்தவீட்டு நாட்களில் எங்களுக்குப் பாண் கொடுத்து அனுப்பியவரும் அவரே.

இப்போது மாமாவின் விஷயத்துக்கு வருகிறேன்.

வெள்ளவத்தையில் மாடிக் குடியிருப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக எழும்பிய காலத்தில் மாமாவின் கடை நன்றாக வளர்ந்தது. கட்டடக் கொம்பனிகள் சீமெந்தும் கம்பியும் அவரிடம் மொத்தமாக வாங்கின. விற்கும்போது விலையோடு வற் என்னும் பெறுமதி சேர் வரியையும் சேர்த்து வாங்கி, பிறகு அதை அரசாங்கத்திடம் ஒப்படைக்க வேண்டும். மாமா சில விற்பனைகளைத் தன் கணக்கில் காட்டாமல், அந்த வரிக்காசையும் வியாபாரத்திலேயே போட்டிருக்கிறார். வாங்கிய கொம்பனிகளில் ஒன்று, தான் மாமாவுக்குக் கொடுத்த வரியைத் தன் வரியில் கழிக்கும்படி அதே பில்களைத் திணைக்களத்தில் காட்டியிருக்கிறது. ஒரு பக்கம் இருக்கும் விற்பனை மறு பக்கம் இல்லை. அப்படித்தான் பிடிபட்டது. வரியும் தண்டப்பணமும் சேர்த்து மாமாவுக்கு அறிவித்தல்கள் போயின. அவர் ஒன்றுக்கும் பதில் போடவில்லை. கடைசியில் அந்தக் கோவை நிலுவைப் பிரிவுக்கு, அக்காவின் மேசைக்கே வந்தது.

பெயரையும் மேலே இருந்த பில்களையும் பார்த்த உடனே அக்கா கோவையைத் தூக்கிக்கொண்டு மேலதிகாரியிடம் போயிருக்கிறார். "அம்மாகெ மல்லித?" என்று அவர் சிங்களத்தில் கேட்டாராம். அம்மாவின் தம்பியா என்று. ஆம், என்னைப் படிப்பித்தவர் என்று அக்கா சொன்னார். மேலதிகாரி கோவையை வேறொரு பிரிவுக்கு மாற்றினார். அதற்குப் பிறகு அதில் என்ன நடக்கிறது என்று அக்காவுக்குத் தெரியாது. ஆனால் ஏதோ நடக்கப்போகிறது என்று தெரியும். அதை மாமாவிடம் சொல்லக் கூடாது என்பதும் தெரியும்.

இவை எல்லாம் எனக்குப் பின்னாளில் தெரிந்தவை. அப்போது நான் கண்டது ஒன்றுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா வீட்டில் எல்லோருக்கும் மத்தியானச் சாப்பாடு. மாமி நண்டுக் கறி வைத்திருந்தார். அக்கா தலையைக் குனிந்தபடி சாப்பிட்டார். நண்டு என்ன விலை, எந்தச் சந்தை என்று ஒன்றும் கேட்கவில்லை. மாமாவே கவனித்துவிட்டார்.

"என்ன பிள்ளை, இண்டைக்கு ஒரு கேள்வியும் இல்லை?"

தலையிடி என்றார் அக்கா. மாமா மருந்து எடுக்க எழுந்து உள்ளே போனார். அக்கா தன் சாப்பாட்டுக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு குசினிக்குப் போனதும் திரும்பி வர வெகுநேரம் ஆனதும் எனக்கு நினைவிருக்கிறது.

அடுத்த மாதம் மாமாவின் வங்கிக் கணக்கில் கை வைக்க முடியாதபடி கட்டளை போனது. அவர் கொடுத்திருந்த செக்குகள் திரும்பின. கம்பி கொடுத்தவர்கள் கடை வாசலில் வந்து நின்றார்கள். அன்று பின்னேரம் மாமா அக்காவின் வீட்டுக்கு வந்தபோது நானும் அங்கே இருந்தேன். கதிரையில் உட்காரவில்லை.

"நீயோ காட்டிக் குடுத்தது?"

"இல்லை மாமா."

"உனக்குத் தெரியாதோ?"

"தெரியும்" என்றார் அக்கா. "அண்டைக்கு உங்கட வீட்ட சாப்பிட வந்த நேரமே தெரியும்."

தெரியாது என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் மாமா நம்பியிருப்பார். ஏன் சொன்னாய் என்று பிறகு அத்தான் கேட்டதற்கு, அவர் கேட்டார், அதனால் சொன்னேன் என்றாராம் அக்கா.

மாமாவின் குரல் உயரவில்லை. "தெரிஞ்சுகொண்டே என்ர வீட்டில இருந்து சோறு திண்டனி" என்றார். பிறகு, "கடை எரிஞ்ச நேரம் ஒருத்தரும் வந்து எட்டிப் பாக்கேல்லை. ஒரு தகரம் வாங்கித் தரேல்லை. அந்த அரசாங்கத்துக்கு நான் ஏன் கட்டவேணும்? நீ படிச்சனி தானே, சொல்லு" என்று கேட்டார்.

அக்காவின் முகத்தைப் பார்த்தபோது அவர் உண்மையாகவே யோசிக்கிறார் என்று தெரிந்தது.

"அதுக்கு என்னட்டைப் பதில் இல்லை மாமா. ஆனா இந்தச் சல்லி உங்கட இல்லை. வாங்கினவன் வரியெண்டு தந்தது."

மாமா தேத்தண்ணியைத் தொடாமல் இறங்கிப் போனார்.

இரண்டு நாள் கழித்து மாமி எனக்குத் தொலைபேசி எடுத்தார். மாமா படுக்கையை விட்டு எழும்பவில்லை, வரிக் கந்தோருக்குத் தான் போகவேண்டும், தனக்குச் சிங்களம் போதாது, வருவாயா என்று கேட்டார். நான் ஒரு சிங்களப் பாடசாலையில் ஆங்கிலம் படிப்பித்தவள். என்ன செய்யவேண்டும் என்று அக்காவிடம் கேட்டேன். எதையும் மறைக்க வேண்டாம், மாதம் எவ்வளவு கட்டமுடியும் என்பதை நீங்களே முதலில் சொல்லுங்கள், எல்லோருக்கும் இதைத்தான் சொல்கிறேன், உங்களுக்கும் அதுதான் என்றார். வேறு ஒரு சொல்லும் சொல்லவில்லை. நாங்கள் போன நாளில் கந்தோரில் தன் மாடியிலிருந்து இறங்கவும் இல்லை.

எங்களை விசாரித்தவர் ஒரு இளம் சிங்களப் பெண். முதலில் பில்களின் பிரதிகளை மேசையில் பரப்பினார். எல்லாவற்றிலும் மாமாவின் கையெழுத்து. எந்தக் கொம்பனியிடமிருந்து அவை வந்தன என்பதும் தெரிந்தது. மாமி கண்ணாடியைப் போட்டு ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி, "அப்ப எங்கட பிள்ளை காட்டிக் குடுக்கேல்லை" என்றார்.

பிறகு அந்தப் பெண் கேள்விகள் கேட்டார். மழைக்காலத்தில் வியாபாரம் எப்படி, லொறிக்கு லீசிங் தவணை முடிந்ததா, சம்பளம் எவ்வளவு போகிறது, யார் கடன் வைத்திருக்கிறார்கள். மாமி ஒன்றுக்கும் தடுமாறவில்லை. எனக்கு ஆச்சரியமாக இருந்தது. வெளியே வந்து கேட்டபோது, இவற்றை எல்லாம் உன் அக்கா, கொக்கா, என் குசினியில் இருந்துகொண்டு எத்தனை வருடமாகக் கேட்கிறாள், பதில் சொல்லிச் சொல்லி எனக்குப் பாடம் என்றார். இவற்றைக் கடையை நடத்திய மாமாவிடம் யாரும் கேட்டதில்லை. மாமியிடம் கேட்பதற்கோ அக்கா இருந்தார்.

தவணை கிடைத்தது. தண்டப்பணத்தில் ஒரு பகுதியும் குறைந்தது. கணக்கு திறந்தது. மாமா லொறியை விற்றார், கடையில் பாதியை ஒரு மருந்துக் கடைக்கு வாடகைக்குக் கொடுத்தார், வருடக்கணக்காகக் கட்டிக் கட்டி முடித்தார். அக்கா சொல்லிக் கொடுக்கவில்லை என்று மாமி அன்றைக்கே அவரிடம் சொல்லியிருந்தார். ஆனாலும் அவர் அக்காவோடு கதைக்கவில்லை. கல்யாண வீடுகளில் வேறு வரிசையில் இருப்பார். அம்மாவின் அந்தியேட்டிக் கிரியையிலும் முகம் கொடுக்கவில்லை. மாமி மட்டும் கறி சமைத்துப் பாத்திரத்தில் கொண்டுவருவார்.

இது அக்காவை வருத்தியது. வருத்தத்தைவிட அதிகமாக, விளங்காமல் இருந்தது. உண்மை தெரிந்த பிறகும் ஏன் கோபம் போகவில்லை என்று என்னிடம் அடிக்கடி கேட்பார். எனக்கும் விளங்கவில்லை. மாமா கேட்ட கேள்வியையும் அவர் விடவில்லை. கடை எரிந்தவன் ஏன் வரி கட்டவேண்டும் என்று தன்னோடு வேலை செய்தவர்களிடமும், ஓய்வுபெற்ற மேலதிகாரியிடமும், அத்தானிடமும், என்னிடமும் கேட்டார். ஒவ்வொருவரும் ஒன்று சொன்னோம். ஒன்றிலும் அவருக்குத் திருப்தியில்லை. "உடன பதில் சொல்லுறவைக்குக் கேள்வி விளங்கேல்லை" என்று ஒருநாள் சொன்னார்.

ஓய்வுபெற்று இரண்டு மூன்று வருடங்களில் அக்காவுக்குக் குடலில் புற்றுநோய் என்று கண்டுபிடித்தார்கள். சிகிச்சைக் காலத்திலும் அவர் மாறவில்லை. ஊசி மருந்து எந்த நாட்டில் செய்தது, இங்கே வரும்போது அதற்கு வரி உண்டா என்று வைத்தியரிடம் கேட்டார். வைத்தியர் தெரியாது என்று சிரித்துவிட்டு, அடுத்த தடவை வரும்போது விசாரித்துக்கொண்டு வந்து சொன்னார். அந்த நாளில் அக்கா இரண்டு வாய் சோறு கூடச் சாப்பிட்டார்.

இனி வீட்டில் வைத்துப் பார்க்கலாம் என்று வைத்தியர்கள் சொன்ன பிறகு, ஒரு காலையில் மாமாவும் மாமியும் ஓட்டோவில் வந்து இறங்கினார்கள். மாமாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. அறைக்குள் வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டார். அக்காதான் பேச்சைத் தொடங்கினார்.

"ஏன் மாமா இவ்வளவு காலமும் கதைக்கேல்லை? நான் சொல்லேல்லை எண்டு உங்களுக்குத் தெரியும் தானே?"

"தெரியும்."

"பிறகேன் கோவம்?"

"கோவம் எண்டா எப்பவோ போயிருக்கும் பிள்ளை. வெக்கம்" என்றார் மாமா. "உன்னைப் படிப்பிச்சவன் எண்டு ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிஞ்சனான். நீ அந்தப் பில்லுகளைப் பாத்திட்டாய்."

தான் இதை யோசிக்கவே இல்லை என்றார் அக்கா. அப்போது அவர் முகத்தில் வந்த தெளிவை நான் மாதக்கணக்காகக் காணவில்லை.

மாமாவும் ஒன்று கேட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை நீ சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று நினைத்தாய் என்றார். வங்கியில் கிடந்ததை எல்லாம் எடுத்திருப்பீர்கள் என்றார் அக்கா. மாமா மறுக்கவில்லை. எடுத்துத்தான் இருப்பேன், எடுத்திருந்தால் கோட்டு வழக்கென்று போய் இன்றைக்குக் கடையும் இருந்திராது என்றார். நீ செய்தது சரி என்று அவர் சொல்லவில்லை. அக்காவும் அதை எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை. அந்தப் பழைய கேள்விக்குப் பதில் கிடைத்ததா என்று மாமா விசாரித்தார். "இன்னும் தேடுறன் மாமா" என்றார் அக்கா. பிறகு சீமெந்து இப்போது என்ன விலை என்று கேட்டார். டொலர் ஏறியபோது எப்படிச் சமாளித்தீர்கள், தட்டுப்பாட்டு நாட்களில் கம்பி எங்கே எடுத்தீர்கள், மருந்துக் கடைக்காரர் வாடகை ஒழுங்காகத் தருகிறாரா என்று மத்தியானம்வரை கேட்டுக்கொண்டே இருந்தார். மாமா ஒவ்வொன்றுக்கும் விளக்கமாகப் பதில் சொன்னார். நானும் மாமியும் குசினியில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தோம்.

அதன் பிறகு மாமா ஒவ்வொரு நாளும் வந்தார். அக்கா எங்களை விட்டுப் போன காலையிலும் அவர் அறையில் இருந்தார்.

அக்காவின் நோய்க்காலத்தில் மருந்தோடு பதிலும் தந்த வைத்தியருக்கும், இரவு பகல் பாராமல் கவனித்த தாதியருக்கும், லிப்ட் பழுதாகிய நாட்களில் கதிரையோடு தூக்கி இறக்கிய மாடிவீட்டு அயலவர்களுக்கும், மெல்பேணிலிருந்து வந்து தாயோடு கடைசிவரை இருந்த அக்காவின் மகளுக்கும், மூன்று மொழியிலும் இரங்கல் சொன்ன அக்காவின் கந்தோர் நண்பர்களுக்கும், இறுதிக் கிரியைகளிலும் இன்றைய முப்பத்தோராம் நாளிலும் அத்தானுக்குத் தோள் கொடுத்து நிற்கும் உறவுகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அக்கா கேட்டபோது பயப்படாமல் பதில் சொன்ன எல்லோருக்கும் என் தனிப்பட்ட நன்றி.

மாமாவுக்கும் நன்றி சொல்ல வேண்டும். இந்தக் கட்டுரையில் வரி விஷயத்தை எழுதுவதா விடுவதா என்று எனக்குத் தயக்கமாக இருந்தது. உறவினர் எல்லோரும் படிக்கப்போகிறார்கள். அவரிடமே போய்க் கேட்டேன். கடை மேசையில் இருந்து பில் எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"எழுது பிள்ளை. மறைச்சு எழுதினா கொக்கா விடமாட்டாள்."